சிறகு செட் நாலுதான்

நான்கு பெயர்களையும் கமலநாதன் வெள்ளிக்கிழமை மாலையே எழுதிக் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை உடுப்புப் பார்க்கக் கிளம்பினார்கள்.

கிள்ளானில், காப்பார் சாலையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அதில் பேக்கிங் பகுதிக்கு அவன் சூப்பர்வைசர். அவனோடு சேர்த்துப் பத்துப் பேர். புது இயந்திரம் ஒன்று வந்து, நீலப் பிளாஸ்டிக் போர்த்தியபடி மூன்று வாரமாக மூலையில் நின்றது. அது ஓட ஆரம்பித்தால் வேலை சுலபமாகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மழை நாளில் அதன்மேல் குடைகளைக் காயப் போட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எச்.ஆரில் மிஸ் லிம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். இயந்திரம் நாலு பேர் வேலையைச் செய்யும். எந்த நாலு பேர் என்று தனக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். ஒரு தாளை நீட்டினாள். பெயர், ஸ்டாஃப் நம்பர், எத்தனை வருடம், டாக்டர் சீட்டில் எத்தனை நாள் எம்.சி. விடுப்பு. அடுத்த சனிக்கிழமை ஆண்டு விருந்து. அது முடியட்டும், எல்லாரும் சந்தோஷமாக இருக்கட்டும், திங்கட்கிழமை கடிதம் கொடுத்துக்கொள்ளலாம் என்றாள். புதன்கிழமை பன்னிரண்டு மணி வரை பெயரை மாற்றலாம். அதற்குப் பிறகு கடிதம் அச்சாகிவிடும். அதுவரை வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது. அதற்கும் ஒரு தாள் இருந்தது. அவன் அதிலும் கையெழுத்துப் போட்டான்.

எம்.சி. அதிகம் எடுத்த நாலு பேரை எழுதினான். வேறு எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வருடக் கணக்குப்படி மூத்தவர் மேலே. இராஜம்மா, மணிக்கட்டு வலி. வேலாயுதம், சர்க்கரை, காலில் ஆறாத புண். ரோஹானி, தாயாரை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறவள், அதற்கும் எம்.சி.யே போடுகிறவள். குரு, போன வருடம் மோட்டாரிலிருந்து விழுந்தவன்.

அன்றிலிருந்து அந்தப் பெயர்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. கொமுட்டர் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் சொல்கிற குரல்போல. இராஜம்மா, வேலாயுதம், ரோஹானி, குரு. குளிக்கும்போது ஓடின. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது ஓடின. அவனுக்கு வருத்தமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இன்னும் இறங்காத வாய்போல இருந்தது.

காரில் மூன்று பேர். ஓட்டியது கமலநாதன். பக்கத்தில் பாலன், பகுதியிலேயே வாய் நீளமானவன், வயது இருபத்தெட்டு. பின்னால் இராஜம்மா, மடியில் கறிபாப் டப்பாவோடு. விருந்துக்கான உடுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மற்றவர்கள் இந்த மூன்று பேரையும் அனுப்பியிருந்தார்கள். இந்த வருடத் தீம் கார்னிவல்.

"பாஸ், போன வருஷம் ஹவாய்," என்றான் பாலன். "நாம எல்லாரும் பாசார் மாலாம் சந்தையில வாங்குன பூ சட்டை. அக்கவுன்ட்ஸ் டேபிள் என்ன பண்ணாங்க? தென்னை மரத்தையே கொண்டாந்துட்டாங்க. பரிசு ஹேம்பர் அவங்களுக்குப் போச்சு. இந்த வருஷம் விடக்கூடாதுலா."

"அந்தத் தென்னை மரத்துல நீ ஏறாத குறைதான்," என்றாள் இராஜம்மா.

"நான் ஏறுனா தேங்கா பறிச்சுக் குடுத்திருப்பேன்க்கா. ஒங்களுக்கு நாசி லெமாக் சோத்துக்கு ஆகியிருக்கும்."

"வாயப் பாரு. இந்தா, கறிபாப்ப வச்சு அடைச்சுக்க. அண்ணே, ஒங்களுக்கு?"

கமலநாதன் கையைப் பின்னால் நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டான். ஃபெடரல் ஹைவேயில் சுபாங் ஜெயா தாண்டியபோது அது இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கடை மாடியில் இருந்தது. கீழே சேலைக்கடை, மேலே வாடகை உடுப்பு. படிக்கட்டில் ஏறும்போதே துணி வாசமும் நாப்தலின் வாசமும் வந்தன. பள்ளிக்கூட விழாக்களுக்கு, நாட்டிய அரங்கேற்றத்துக்கு, கம்பெனி விருந்துகளுக்கு என்று எல்லாவற்றுக்கும் அங்கே உடுப்பு உண்டு. கடைக்காரப் பெண்ணுக்கு மெஹ்ரின் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். தலையை மூடிய தூடோங்கில் நாலைந்து குண்டூசிகளைக் குத்தி வைத்திருந்தாள், தையல்காரர்கள் சட்டையில் குத்தி வைப்பதுபோல.

"கார்னிவலா?" என்றாள். "இந்த மாசம் ஒங்களோட நாலாவது கம்பெனி. எல்லாருக்கும் எங்கேருந்துதான் ஒரே யோசனை வருதோ. எத்தன பேரு?"

"பத்து," என்றான் கமலநாதன்.

"ஆம்பள எத்தன, பொம்பள எத்தன?"

"ஆறு, நாலு."

மெஹ்ரின் உள்ளே போய்க் கம்பியோடு ஒரு வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட தொளதொள கால்சட்டை, அதே கோட்டில் சட்டை, கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்பு. கோமாளி உடுப்பு.

"இது எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. எல்லா அளவும் இருக்கு. பத்துப் பேரும் இதையே போட்டா அழகா இருக்கும், ஒரே மாதிரி."

"ஐயோ, இத போட்டா ஐஸ்கிரீம் விக்கிறவன்னு சொல்லுவாங்கக்கா," என்றான் பாலன். "பெருசா ஒண்ணு காட்டுங்க. எக்ஸ்போர்ட் ஆளுங்க பாத்து வயிறு எரியணும்."

மெஹ்ரின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகப் போர்வை மூடித் தொங்கிய ஒன்றை எடுத்து வந்து, போர்வையை விலக்கினாள்.

கருநீல வெல்வெட். விளிம்பெல்லாம் பொன்னிற ஜரிகை. தோளுக்குப் பின்னால் கம்பிச் சட்டத்தில் வரிசை வரிசையாக இறகுகள், நீலமும் பச்சையும் வெள்ளையும், விரித்தால் இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு நிற்கும். தலைக்கு ஒரு கிரீடம், அதிலும் இறகு.

இராஜம்மா டப்பாவை நாற்காலியில் வைத்தாள்.

"இதான்," என்றான் பாலன். "இதுல பத்து குடுங்க."

"சிறகு செட் நாலுதான்," என்றாள் மெஹ்ரின். "ஒரு பள்ளிக்கூடத்துக்குன்னு செஞ்சது. மத்தது உடைஞ்சு போச்சு. நாலு பேரு இத போடுங்க, ஆறு பேரு கோமாளி. நாலு பேரு ராஜா ராணி மாதிரி முன்னாடி வரட்டும், கோமாளிங்க பின்னாடி ஆடிக்கிட்டு வரட்டும். நான் சொல்றேன், ஒங்களுக்குத்தான் பரிசு."

பாலன் கமலநாதனைப் பார்த்தான். கமலநாதன் சரி என்று தலையாட்டினான்.

மெஹ்ரின் நீள நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தாள். "சிறகு செட்டு யார் யாருக்குன்னு இப்பவே சொல்லிடுங்க அண்ணே. பேரு சீட்டு ஒட்டணும். தோள் பட்டைய ஆளுக்குத் தகுந்த மாதிரி இறுக்கி வைக்கணும். இல்லாட்டி பாதி மேடையில கழண்டு விழும். மொதப் பேரு?"

"இராஜம்மா," என்றான் கமலநாதன்.

"அடுத்து?"

"வேலாயுதம்."

"ம்."

"ரோஹானி."

"கடைசி?"

"குரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. மெஹ்ரின் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்து அழகாக இருந்தது. நான்கு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக, வெள்ளிக்கிழமை அவன் எழுதிய தாளில் இருந்ததுபோலவே நின்றன. வேறு பெயர் சொல்லலாம் என்று நினைத்தான். வாய் திறக்கவில்லை.

"பாஸ்," என்றான் பாலன். "அப்ப நானு?"

"உனக்குக் கோமாளி."

"இது என்ன செலக்‌ஷன் பாஸ்? கை வலி, கால் புண்ணு, மோட்டார்ல விழுந்தவன். எம்.சி. எடுத்தாத்தான் சிறகு குடுப்பீங்களா? தெரிஞ்சிருந்தா நானும் ரெண்டு நாளு வயித்து வலின்னு போயிருப்பேன்லா."

"டேய்," என்றாள் இராஜம்மா. "எனக்குக் கை வலி வருது, ஒனக்கு அந்த வாய் ஒருநாள்கூட வலிக்காதா?"

மெஹ்ரின் சிரித்தாள். கமலநாதனும் சிரிப்பதுபோல உதட்டை வைத்துக்கொண்டான்.

மெஹ்ரின் இராஜம்மாவின் சுடிதார் மேலேயே சட்டத்தை மாட்டி, தோள் பட்டையை இழுத்துக் குண்டூசி குத்தினாள். கிரீடத்தை வைத்தாள். இராஜம்மா கண்ணாடி முன்னால் நின்றாள். நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக வேலை நேரத்தில் அவள் தலையில் இருந்தது முடி விழாமல் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொப்பி. இப்போது அவள் கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தாள். அசைந்தால் எதுவோ கொட்டிவிடும் என்பதுபோல.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றான் கமலநாதன்.

"பாரமா இருக்கும்னு பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

கோமாளி உடுப்பை அவன் போட்டுப் பார்க்கவில்லை. மெஹ்ரின் ஒன்றை அவன் முதுகில் வைத்து அளந்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். சனிக்கிழமை காலை எடுத்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். "இன்னொண்ணு. சிறகு செட்ட கார் பூட்டுல போட்டு வெயில்ல நிறுத்திடாதீங்க. பசை உருகி இறகு கொட்டிடும். ஏர்கான் உள்ள எடத்துல வைங்க."

பாலன் தன் மனைவிக்கு வளையல் வாங்கிவிட்டு, காரை எடுத்து வருவதாகச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். மற்ற இருவரும் எதிர்ச் சாரியில் இருந்த உணவுக்கடையில் உட்கார்ந்தார்கள். கமலநாதன் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் சொன்னான். இராஜம்மா தே ஓ கோசோங். பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர்.

கொஞ்ச நேரம் இராஜம்மா மேசைத் துணியின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். பாலன் இருந்தா ஊரெல்லாம் போயிடும். அதான் அவன் போகட்டும்னு இருந்தேன்."

"சொல்லுங்க."

"செராஸ்ல எம்மக வீட்டுப் பக்கத்துல ஒரு நர்சரி பள்ளிக்கூடம். சமையலுக்கு ஆள் கேக்கறாங்க. எம்பது பிள்ளைங்க. மகதான் பேசி வச்சிருக்கா. அவ வீட்லயே தங்கிக்கலாம். கைக்கும் இந்த அளவு வேலை இல்ல. சம்பளம் கொஞ்சம் கொறைவு." தம்ளர்கள் வந்தன. அவள் நிறுத்தி, கொண்டுவந்தவர் போனதும் தொடர்ந்தாள். "புதன்கிழமைக்குள்ள வரேன் வரலன்னு சொல்லணும். இல்லன்னா வேற ஆளு பாத்துடுவாங்க."

கமலநாதன் தம்ளரை எடுத்தான்.

"போயிடலாம்னுதான் இருந்தேன். இந்த எம்.சி.க்காக எச்.ஆர்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. ஒங்களுக்கும் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன். நான் ஒரு நாள் லீவுன்னா மத்தவங்க ஓடி ஓடி செய்யணும்." அவள் லேசாகச் சிரித்தாள். "இன்னிக்கு நீங்க எம்பேர மொதல்ல சொன்னீங்க. எதிர்பாக்கல. பாலன் இருக்கான், சின்னப் பொண்ணுங்க இருக்காங்க. அவங்க போட்டா இன்னும் எடுப்பா இருக்கும். நீங்க எங்க நாலு பேர சொன்னீங்க. ஒடம்புக்கு முடியாதவங்க, வீட்டுல முடியாதவங்கள வச்சிருக்கறவங்க."

அவன் ஒரு மடக்குக் குடித்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க அண்ணே? போகவா, இருக்கவா?"

சாலையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். போ என்று சொல்ல ஓரெழுத்து போதும். காரணம்கூட அவள் கேட்க மாட்டாள். அந்த எழுத்தை அவன் நாக்கில் தேடிப் பார்த்தான். நாக்கு இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"உங்க விருப்பம்தான், ராஜம்மா," என்றான்.

அவள் அதை இரண்டு மூன்று நொடி யோசித்தாள். பிறகு முகம் தெளிந்தது. "போன்னு சொல்லணும்னா சொல்லியிருப்பீங்க," என்றாள். "ஒங்கள எனக்குத் தெரியாதா."

பாலன் காரைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். எழுந்திருக்கும்போது இராஜம்மா மேசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, அது என்னோட தம்ளரு. சீனி போடாதது."

அவன் அதை முழுதும் குடித்து முடித்திருந்தான்.

அன்று மாலை மனைவி மலர்விழி, என்ன உடுப்பு எடுத்தீங்க என்று கேட்டாள். கோமாளி என்றான். அவள் கை கொட்டிச் சிரித்தாள். கல்யாணத்தன்று தலைப்பாகை நெற்றியில் உறுத்துகிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்ட ஆள், இப்போது கோமாளித் தொப்பி போடப் போகிறார் என்று தங்கைக்குப் போன் செய்து சொன்னாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

புதன்கிழமை பதினொன்றரைக்கு அவன் எச்.ஆர். அறைக்குப் போனான். மிஸ் லிம் மீ ஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள். ஒரு பெயரை எடுத்தால் இன்னொரு பெயரை வைக்க வேண்டும். வழி நெடுக அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். பாலன், குழந்தை பிறந்து ஐந்து மாதம். மற்ற நான்கு பேர், நான்கு வீடுகள். தன் பெயரையும் ஒரு தடவை வைத்துப் பார்த்தான். அது நிற்கவில்லை.

"நம்ம டேபிள் நம்பர் என்ன?" என்று கேட்டான்.

"பதினேழு," என்றாள் மிஸ் லிம்.

அவன் திரும்பி வந்தபோது இராஜம்மா பேக்கிங் லைனில் நின்றபடியே கையை உயர்த்தினாள். கையுறை போட்ட கட்டைவிரலைக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டிச் சிரித்தாள். செராஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. மணி பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவன் லைனைத் தாண்டிப் போய், பெட்டிகளின் எண்ணிக்கையைச் சரி பார்த்தான்.

சனிக்கிழமை சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் விருந்து. அறுபது மேசை. பதினேழாவது மேசை மேடைக்குக் கூப்பிடப்பட்டபோது, சிறகு போட்ட நாலு பேர் முன்னால் நடந்தார்கள். வேலாயுதம் புண் காலை இழுக்காமல் நடக்க முயன்றார். ரோஹானி தூடோங்குக்கு மேலே கிரீடத்தை வைத்திருந்தாள். குரு இரண்டு கையையும் விரித்துப் பறப்பதுபோல ஓடி வந்தான். பின்னால் ஆறு கோமாளிகள். பாலன் குட்டிக்கரணம் போட்டான். கமலநாதன் கடைசியில் நடந்தான். யாரோ அவன் மூக்கில் சிவப்புப் பந்தை ஒட்டியிருந்தார்கள். அது ஒட்டியிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மலர்விழிதான் எடுத்தாள்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். ஜி.எம். மேடையில் வைத்து இராஜம்மாவுக்குக் கை கொடுத்தார். எத்தனை வருடம் என்று மைக்கில் கேட்டார். இருபத்திரண்டு என்றாள். கை தட்டினார்கள். மிஸ் லிம்மும் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் படம் அறிவிப்புப் பலகையில் இருந்தது. கமலநாதன் இரண்டு பெரிய பைகளில் உடுப்புகளைக் கொண்டுவந்து, பேக்கிங் அறையில் ஏர்கானுக்குக் கீழே வைத்தான். வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் போவதாகத் திட்டம்.

ஒன்பதேகாலுக்கு ஒலிபெருக்கியில் முதல் பெயர் வந்தது. இராஜம்மா. அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பரிசு ஹேம்பருக்குக் கையெழுத்து வாங்கவாக இருக்கும் என்று பாலன் சொன்னான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் வெள்ளை உறை. போய்த் தன் இடத்தில் நின்றாள். ஒலிபெருக்கி இரண்டாவது பெயரைச் சொன்னது. வேலாயுதம்.

இராஜம்மா தலையைத் தூக்கிக் கமலநாதனைப் பார்த்தாள்.

பிறகு லைனைச் சுற்றிக்கொண்டு நடந்து ரோஹானியிடம் போனாள். ரோஹானி பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இராஜம்மா அவள் தோளில் கை வைத்து மலாய் மொழியில் ஏதோ சொன்னாள். ரோஹானிக்குப் புரியவில்லை. ஏன், ஏன் என்று கேட்டாள். இராஜம்மா அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே நின்றாள். ஒலிபெருக்கி மூன்றாவது பெயரைச் சொல்லும்போது இருவரும் கை கோர்த்திருந்தார்கள். அதற்குள் குரு, யாரும் சொல்லாமலே, தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தான்.

பாலன் இயந்திரத்தின் நீலப் பிளாஸ்டிக்கைப் பார்த்தான். அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்த தன் குடையை எடுத்துக்கொண்டான். 

பகல் பன்னிரண்டுக்குள் நாலு பேரும் லாக்கரைக் காலி செய்து, ஸ்டாஃப் கார்டைக் கொடுத்துவிட வேண்டும். பதினொன்றே முக்காலுக்கு இராஜம்மா கமலநாதனின் மேசைக்கு வந்தாள்.

"உடுப்ப நாங்க கொண்டுபோய்க் குடுத்துடறோம்," என்றாள். "ரோஹானி மகன் வேன் கொண்டாந்திருக்கான்."

"வேணாம் ராஜம்மா. நான் அஞ்சு மணிக்குப் போறேன்."

"அஞ்சு மணிக்குக் கெளம்புனா ஹைவேல ஆறரை ஆயிடும். அந்தக் கடைக்காரப் புள்ள ஆறு மணிக்குள்ளன்னு சொல்லிச்சு. எங்களுக்கு இன்னிக்கு வேலை இல்லைல்ல. குடுங்க."

அவன் பைகளைக் காட்டினான். அவள் உடனே எடுக்கவில்லை.

"அண்ணே. கடையில நீங்க பேரு சொன்னீங்களே. வேணும்னேதான் சொன்னீங்களா? போறவங்க நல்லா போகட்டும்னு?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவனுக்கும்.

"இல்ல," என்றான். "அதுவா வந்துருச்சு."

அவள் தலையாட்டினாள். "நேத்து செராஸுக்கு வேற ஆளு வந்துருச்சாம். மக சொன்னா. இந்தக் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே சொன்னா. பரவால்லன்னு சொன்னேன்."

அவன் மேசையைப் பார்த்தான். மேசையில் பேனா இருந்தது.

"கேட் பாஸ் வேணும்," என்றாள் இராஜம்மா. "கார்ட குடுத்துட்டுப் போறவங்க பையத் தொறந்து பாப்பாங்க. எழுத்து இல்லாம கேட் காவலாளி விடமாட்டான்."

கமலநாதன் இழுப்பறையிலிருந்து மஞ்சள் தாள் கட்டை எடுத்தான். வெளியே போகும் எந்தப் பைக்கும் பகுதி சூப்பர்வைசர் எழுதித் தர வேண்டும். பொருள் என்ற கட்டத்தில் எழுதினான்: சிறகு உடுப்பு நான்கு, கோமாளி உடுப்பு ஆறு. காரணம் என்ற கட்டத்தில் எழுதினான்: வாடகைக்கு எடுத்தது, திருப்பிக் கொடுக்க. அடுத்த கட்டம், கொண்டுபோகிறவர் பெயர்.

பேனா நின்றது.

"எழுதுங்க," என்றாள் இராஜம்மா. "ஒங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

அவன் எழுதினான். இராஜம்மா. வேலாயுதம். ரோஹானி. குரு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஸ்டாஃப் நம்பருக்கு ஒரு சிறிய கட்டம் இருந்தது. நான்கு நம்பரும் அவனுக்குத் தெரியும். நான்கு கட்டத்திலும் கோடு போட்டான். கீழே கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தான்.

ஜன்னலிலிருந்து கேட் தெரியும். நேப்பாளிக் காவலாளி பைகளைத் திறக்கச் சொன்னான். இராஜம்மா முதல் சிறகு உடுப்பை எடுத்து அவனுக்குக் காட்டினாள். காற்றில் அது முழுதும் விரிந்து நின்றது. காவலாளி ஒரு அடி பின்னால் போய்ச் சிரித்தான். பிறகு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான். நாலு பேரும் வெயிலில் நின்றார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. காவலாளி கேட்டைத் திறந்தான்.

கமலநாதன் கேட் பாஸின் இரண்டாவது பிரதியைக் கோப்பில் செருகினான். சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போய், மேசையில் கிடந்த இராஜம்மாவின் கையுறையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைப் பிடித்தபடி நின்றான்.